தும்பி யார் என்று ஊரே கேட்கிறது

அன்புள்ள தும்பிக்கு,

நாள்தோறும் நாலு காட்சிக்கு டிக்கெட் கிழித்துக் கிழித்துக் கட்டைவிரல் யானைக்கால் அளவுக்கு வீங்கினாலும் பேனா பிடிக்கும் வல்லமை குன்றாதவனும், நம் திரையரங்கின் தலைவாசல் தளபதியும், ஏழு மேனேஜர்களைக் கண்டு வழியனுப்பியவனும், ஐந்து வயதில் ரயில் நிலையத்தில் தொலைந்துபோன உன்னைத் தண்டவாளம் தாண்டிப் பாய்ந்து மீட்ட மாவீரனுமாகிய உன் பீரங்கி மாமா எழுதிக்கொண்டது. நாங்கள் இங்கே சௌக்கியம். உன் அத்தை என்னை ஒரே மூச்சில் கால் மணி நேரம் திட்டுகிறாள், நடுவில் ஒரு இருமல்கூட வருவதில்லை, அந்த அளவுக்குச் சௌக்கியம். நீயும் அங்கே யாரையாவது திட்டும் தெம்போடு இருக்கிறாய் என்று நம்பி மேலே எழுதுகிறேன்.

சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, நான் மூன்று முறை சரிசெய்தேன், முன்பு சொட்டுச் சொட்டாக ஒழுகியது இப்போது நீர்வீழ்ச்சி, அத்தை பிளம்பரைக் கூப்பிடப் போகிறாளாம், என் திறமையைப் பார்த்துப் பொறாமை. அவள் முழங்கால் வலிக்கு மாடிப்படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னதால் கீழ் அறைக்கு மாறிவிட்டோம். மாடியில் உன் அம்மாவின் அறையை அப்படியே வைத்திருக்கிறோம், வாரம் ஒருமுறை நான் போய் ஜன்னல் திறந்துவிட்டு வருகிறேன், அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை. நீ போனில் பேசும்போது நின்றுகொண்டே ரொட்டி தின்கிற சத்தம் கேட்கிறது, உட்கார்ந்து சாப்பிடு, நாற்காலி கண்டுபிடித்து ஆயிரம் வருஷம் ஆகிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணி, மாமா அந்த உளவாளிப் படத்தோட இரண்டாம் பாகம் இங்கயும் வருது, ஆபீஸ்ல ஆறு பேர் சேர்ந்து சனிக்கிழமைக்கு டிக்கெட் போட்டுட்டோம், அங்க எப்படி ஓடுது, ஜனங்க என்ன சொல்றாங்க என்று கேட்டாய். நான் வழக்கம்போலக் கூரை அதிரச் சிரித்து, படம் ஓடுகிற வேகத்தில் திரையே கிழிந்துவிட்டது, தையல்காரரைக் கூட்டிவந்து தைத்தோம் என்று அளந்துவிட்டேன். போனை வைத்ததும் அத்தை கேட்டாள், அவகிட்ட ஏன் சொல்லலை, நீங்க சொல்றீங்களா நான் சொல்லட்டுமா என்று. நானே சொல்கிறேன் என்றேன். அடுத்த நாளும் போன் எடுத்தேன், அதற்கடுத்த நாளும் எடுத்தேன், இரண்டு நாளும் வாயைத் திறந்தால் கோமாளித்தனம்தான் வெளியே வந்தது. அதனால்தான் இந்தக் கடிதம். தபால் ஆபீஸில் இருக்கும் அம்மாள் பத்து நாளில் போய்ச் சேர்ந்துவிடும் என்கிறார், உன் சனிக்கிழமைக்கு இன்னும் பதினேழு நாள் இருக்கிறது. இதை முழுக்கப் படிக்காமல் நீ அந்தத் தியேட்டர் வாசல்படி மிதிக்கக்கூடாது.

முதலில் ஜனங்கள் என்ன சொல்கிறார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்கு உலகத்திலேயே பெரிய அதிகாரி இப்போது நான்தான். படக் கம்பெனி கேட்டதென்று மேனேஜர் ஒரு நீள நோட்டைக் கையில் கொடுத்து, காட்சி முடிந்து வெளியே வருகிறவர்களிடம் கருத்துக் கேட்டு எழுதும் மந்திரி பதவியை எனக்கு அளித்திருக்கிறார். என்ன பிடித்தது, என்ன பிடிக்கவில்லை, மறுபடி பார்ப்பீர்களா என்று மூன்று கட்டம். படத்தில் நிமிஷத்துக்கு ஒன்பது கார் கவிழ்கிறது, நீ ஒருமுறை கண் சிமிட்டினால் கதாநாயகன் வேறு நாட்டில் இருப்பான், இரண்டு முறை சிமிட்டினால் அந்த நாடே இருக்காது. ஒரு லாரி டிரைவர் வந்தார், அந்த வளைவில் அந்த லாரியை அந்த வேகத்தில் திருப்பினால் வண்டி குப்புற விழும், விழாதது எங்கள் தொழிலுக்கே அவமானம், பெரிய எழுத்தில் எழுதுங்கள் என்று பக்கத்தில் நின்று சரிபார்த்தார். ஒரு தையல்காரர் நாலாவது மாடியிலிருந்து விழுந்தும் கசங்காத அந்தக் கோட்டுத் துணி எந்த மில் என்று கேட்டார். ஒரு கல்லூரிக் கூட்டம், முதல் பாகம் ராக்கெட், இரண்டாம் பாகம் ராக்கெட்டிலிருந்து கழன்று விழுந்த நட்டு என்று சொல்லிவிட்டு அடுத்த காட்சிக்கும் டிக்கெட் எடுத்தது. ஒரு அம்மாள் சத்தம் தாங்கவில்லை, காது அடைத்துவிட்டது என்றார், கூட வந்த கணவர் எந்தச் சத்தம் என்றார், மனுஷன் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார். ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் சொல்லவில்லை. ஒன்றே ஒன்றைத் தவிர.

படம் தொடங்கி ஐம்பத்திரண்டாவது நிமிஷம், ஒரு ரயில் நிலையத்தில் குண்டு வெடிக்கிறது. அதுவரை காதைப் பிய்த்த சத்தமெல்லாம் சட்டென்று நின்றுவிடும். புகை. ஜனங்கள் ஓடுகிறார்கள், ஓடுகிற சத்தம்கூடக் கிடையாது. அப்போது புகைக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் குரல், ஒரே ஒரு தடவை, தும்பீ என்று கூப்பிடும். அலறல்தான், ஆனால் வார்த்தை தெளிவாகக் கேட்கும். கூப்பிட்டது யார் என்று காட்ட மாட்டார்கள், தும்பி யார் என்றும் காட்ட மாட்டார்கள், கடைசிவரை அதைப்பற்றிப் பேச்சே கிடையாது. உளவாளிப் படம் பார்க்க வந்த ஜனம் சும்மா விடுமா. தும்பி என்பது வில்லன் வைத்திருக்கும் பறக்கும் கேமராவுக்கு ரகசியப் பெயர் என்கிறான் ஒருவன், தும்பி மாதிரிதானே சார் பறக்குது என்று கையை ஆட்டிக் காட்டுகிறான். வில்லனின் காணாமல்போன மகள், மூன்றாம் பாகத்தில் துப்பாக்கியோடு வருவாள் என்கிறான் இன்னொருவன். அது ஐந்தெழுத்துச் சங்கேதம், ஒவ்வொரு எழுத்தும் ஒரு நாடு என்று கணக்குப் போட்டு வந்தவனிடம், அப்பா, தும்பிக்கு மூன்றே எழுத்துதானே என்றேன், அதுதான் சார் ரகசியமே என்றான். என் நோட்டில் நாற்பது பக்கத்துக்கு இதே கேள்வி, தும்பி யார், தும்பி யார்.

தும்பி, உன்னைக் கூப்பிட்டது உன் அம்மா. அந்தக் குரல் என் அக்காவின் குரல். இதை எப்படிச் சுற்றி வளைத்துச் சொல்வது என்று தெரியவில்லை, அதனால் நேராகச் சொல்லிவிட்டேன். கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு மேலே படி.

முதல் நாள் காலைக் காட்சியில் நான் உள்வாசல் திரைச்சீலைக்குப் பக்கத்தில் டார்ச்சோடு நின்றுகொண்டிருந்தேன். அந்தக் குரல் வந்ததும் டார்ச் கைநழுவி, படிப்படியாக உருண்டு முன்வரிசை வரைக்கும் வெளிச்சத்தைச் சுழற்றிக்கொண்டே போயிற்று. உன் அம்மா இருபத்திரண்டு வருஷம் ரெக்கார்டிங் ஸ்டூடியோவில் கூட்டத்துக்குக் குரல் கொடுத்தாள், அழுதாள், இருமினாள், செத்தாள், திரையில் ஒருநாளும் பெயர் வந்ததில்லை. முந்நூறு படத்தில் என்னைக் கொன்னிருக்காங்க, ஒரு படத்துலயாவது சாப்பாடு போட்டாங்களா என்று கேட்பாளே. தொண்டை போன நாளில் மேஜையை இரண்டு தட்டு தட்டினால் நீ ஓடிவர வேண்டும் என்று அர்த்தம். அவள் அலறல் வகைகளெல்லாம் எனக்கு அத்துப்படி, பாம்பைப் பார்த்த அலறல், பேயைப் பார்த்த அலறல், பில்லைப் பார்த்த அலறல். ஆனால் இது அந்தப் பட்டியலில் இல்லாத குரல். இதை நான் அதற்கு முன்னால் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருந்தேன். ஸ்டூடியோவில் இல்லை.

மணி அடித்துவிட்டது, மதியக் காட்சி. டிக்கெட் கிழித்துவிட்டு வருகிறேன்.

வந்துவிட்டேன். டிக்கெட் கவுன்டருக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், மேஜை மேல் கடிகாரம், உள்ளே படம் ஓடுகிறது, அந்தக் குரல் வர இன்னும் முப்பத்தெட்டு நிமிஷம் இருக்கிறது. அதற்குள் எழுத வேண்டியதை எழுதிவிட வேண்டும்.

நான் எதைச் சொன்னாலும் பத்தால் பெருக்கிச் சொல்வேன் என்று உனக்குத் தெரியும், பீரங்கி என்று பெயர் வைத்தவளே நீதான். என் வாழ்நாளில் ஒன்றை மட்டும் குறைத்துச் சொல்லியிருக்கிறேன். ரயில் நிலையத்தில் நீ தொலைந்தது மூன்று நிமிஷம் என்று சொல்லிவந்தேனே, மூன்று இல்லை, நாற்பது. உன் அம்மா டிக்கெட் வாங்க வரிசையில் நின்றாள், குழந்தையைப் பார்த்துக்கோ என்று என்னிடம் விட்டுப்போனாள். நான் உன்னைப் பெஞ்சில் உட்காரவைத்து, இதோ வரேன் என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பு அறை வாசலுக்குப் போனேன், அங்கே டிவியில் ஒரு உளவாளிப் படம், ஓடுகிற ரயில் கூரை மேல் சண்டை. சண்டை முடியட்டும் என்று நின்றேன். அந்தச் சண்டை முடியவில்லை தும்பி, கூரையிலிருந்து பெட்டிக்குள், பெட்டியிலிருந்து எஞ்சினுக்கு என்று போய்க்கொண்டே இருந்தது, நானும் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அப்போதுதான் அந்தக் கோடியிலிருந்து அந்தக் குரல் வந்தது. திரும்பிப் பார்த்தால் பெஞ்சு காலி. பெஞ்சுக்கு முன்னால் உன் அம்மா நிற்கிறாள், அவளைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்த ஜனமெல்லாம் ஒரு கணம் நின்றுவிட்டது. நான் தண்டவாளம் தாண்டவில்லை. பெட்டி சுமக்கும் தள்ளுவண்டிக்கு மேல் பாயவில்லை. கால் இரண்டும் தரையில் ஒட்டிக்கொண்டன, நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

உன்னைக் கண்டுபிடித்தது நானில்லை, பிளாட்பாரம் கூட்டுகிற ஒரு அம்மாள். கடைசியில் நிறுத்தி வைத்திருந்த காலி ரயிலில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, வண்டி கிளம்பக் காத்துக்கொண்டிருந்தாயாம். அவள் கையில் இருந்த நீளத் துடைப்பத்தின் ஒரு முனையை நீ பிடித்துக்கொள்ள, மறுமுனையை அவள் பிடித்துக்கொள்ள, இரண்டு பேரும் ஊர்வலம் மாதிரி நடந்து வந்தீர்கள், நீ சிரித்துக்கொண்டு வந்தாய். உன் அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்பதற்குக் குரலும் இல்லை, மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. நாலாம் நாள் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து யார் கண்டுபிடித்தது என்று கேட்டார்கள், நான் வாயைத் திறந்தேன், நான்தான் என்று வந்துவிட்டது. அக்கா என்னைப் பார்த்தாள். கூரை இடிந்து விழும் என்று நினைத்தேன். ஆமா, இவன்தான் கண்டுபிடிச்சான் என்று சொல்லிவிட்டு எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அதற்குப்பிறகு நான் எத்தனை வீட்டில் எத்தனை விதமாக அந்தக் கதையைச் சொன்னாலும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவாள், பெட்டி வண்டியைத் தாண்டிக் குதிச்சானே அதைச் சொல்லுடா என்று அவளாகவே எடுத்துக் கொடுப்பாள். நீ நாலாம் வகுப்பில் நான் கண்ட வீரர் என்று என்னைப்பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதி, ஆசிரியை நட்சத்திரம் ஒட்டிக் கொடுத்தாரே, அந்தத் தாளை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன், ஒருநாளும் பிரித்துப் படித்ததில்லை.

இதோ. இந்த வரி எழுதும்போதே சுவர் வழியாக வந்துவிட்டது. பேனா நகர்ந்து கோடு விழுந்திருக்கிறது பார், அடித்துத் திருத்தாமல் விட்டுவிடுகிறேன்.

மூன்று வாரமாக இப்படித்தான். ஒரு நாளைக்கு நாலு தடவை அக்கா உன்னைக் கூப்பிடுகிறாள். டீ குடித்தாலும் கண் கடிகாரத்தில்தான், இன்னும் பத்தொன்பது, இன்னும் எட்டு. அந்த நிமிஷத்துக்கு ஜெனரேட்டர் அறைக்குப் போய் நின்று பார்த்தேன், கேட்கிறது. கழிவறைக்குள் போய் எல்லாக் குழாயையும் திறந்துவிட்டேன், கேட்கிறது. நடந்து வீட்டுக்குப் போனால் பின்னால் யாரோ கூப்பிட்ட மாதிரி திரும்பிப் பார்க்கிறேன். அவள் போய் மூன்று வருஷம் ஆகிறது, அவள் போனில் உனக்கு அனுப்பிய குரல் செய்திகளை நீ இன்னும் திறந்து கேட்கவில்லை என்று அத்தையிடம் சொல்லியிருக்கிறாய், அப்படிப்பட்டவள் ஆபீஸ் தோழிகள் நடுவில், கையில் பாப்கார்னோடு, இருட்டில் இதைக் கேட்டால் என்ன ஆவாய் என்று நினைத்துத்தான் பேனாவை எடுத்தேன்.

இரண்டாவது செவ்வாய்க்கிழமை தாங்க முடியாமல் படம் ஓட்டுகிற ஆபரேட்டரிடம் போனேன். முப்பது வருஷச் சிநேகிதன், உன் அம்மா கையால் சாப்பிட்டவன். அந்த நாலு விநாடி மட்டும் சத்தத்தைக் குறைச்சுடுப்பா என்றேன். உங்க அக்கா குரலை நான் அமுக்கணுமா, என் கை வருமாய்யா என்றான். பிறகு என் மூஞ்சியைப் பார்த்துச் சரி என்றான். மதியக் காட்சி, அரங்கு நிறைந்திருக்கிறது, குண்டு வெடித்தது, புகை வந்தது, அவன் குறைத்தான். ஒன்றுமே இல்லை. அமைதி. நான் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டேன். அடுத்த கணம் நானூறு பேர் ஒரே குரலில் தும்பீ என்று கூப்பிட்டார்கள். இரண்டு மூன்று தடவை பார்த்தவர்கள், அந்த இடத்துக்காகவே வந்தவர்கள், குரல் வராததும் அவர்களே கொடுத்துவிட்டார்கள். தும்பி, நான் பேய்க்கதை ஆயிரம் சொல்லியிருக்கிறேன், எல்லாம் பொய். இது நிஜம். உன்னை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பதுபோல முன்பின் தெரியாத நானூறு பேர் இருட்டில் உன்னைத் தேடினார்கள், அப்போதும் நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

பிறகு ஒரே விசில், சிரிப்பு. மேனேஜர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு விளக்கம் கேட்டார், எலி ஒயரைக் கடித்துவிட்டது, எலி என்றால் சாதாரண எலி இல்லை, கன்றுக்குட்டி அளவு என்று எழுதிக் கொடுத்தேன். அன்று நோட்டோடு வாசலில் நின்றபோது எல்லோரும் போனபிறகு கடைசியாக ஒரு நர்ஸ் வந்தாள், வேலை முடிந்து உடுப்பைக்கூட மாற்றாமல் வந்திருக்கிறாள். கருத்துச் சொல்லும்மா என்றேன். கருத்தெல்லாம் ஒண்ணுமில்லண்ணே, ஒண்ணு மட்டும் கேக்கணும், அந்தத் தும்பி குழந்தைதானே, கிடைச்சுதா என்றாள். இத்தனை பேரில் அவள் ஒருத்திதான் அதைக் கேட்டாள். படத்துல சொல்லலைம்மா என்றேன். சொல்லாம விட்டுட்டாங்களே, பாவம் என்று சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். சொல்லாமல் விட்டது படமில்லையே.

போன வியாழக்கிழமை எனக்கு வார விடுமுறை. உன் அம்மா வேலை பார்த்த ஸ்டூடியோவுக்குப் போனேன். அந்தப் பழைய ஒலிப்பதிவாளர் இன்னும் இருக்கிறார், இப்போது அவருக்கே ஒரு காது கேட்காது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். அவரிடம் தொழில் கற்றவன் ஒருவன் இந்தப் படத்துக்கு வேலை செய்கிறானாம், நடிப்பே தெரியாத ஒரு தாயோட அலறல் வேணும், உங்க சேமிப்புல இருக்கா என்று கேட்டானாம், இருந்தது ஒண்ணுதான், கேட்டதும் எடுத்துக் கொடுத்துட்டேன், வீட்டுல கேப்பாங்களேன்னு தோணலை, மன்னிச்சுடுங்க என்றார். நீ ஆறாம் வகுப்பு படிக்கும்போது ஏதோ ஒரு படத்துக்காகப் பதிவு செய்தது. கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்த தாய். பதினேழு தடவை எடுத்தும் சரியாக வராமல், பதினெட்டாவது தடவை அவர்கள் எழுதிக் கொடுத்த வசனத்தை உன் அம்மா மடித்து வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாளாம். அன்றைக்கு நான் ஸ்டூடியோ தாழ்வாரத்தில்தான் காத்திருந்தேன், உன்னைப் பள்ளியிலிருந்து கூட்டிவர இரண்டு பேருமாகப் போகவேண்டும். கதவு தடித்த கதவு, ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வந்தவள், இன்னிக்கு நல்லா வந்துச்சு என்று மட்டும் சொன்னாள்.

அவர் எனக்கு முழுப் பதிவையும் போட்டுக் காட்டினார். படத்தில் அலறல் முடிந்ததும் வெட்டிவிட்டார்கள். பதிவில் அதற்குப்பிறகும் பதினோரு விநாடி இருக்கிறது தும்பி. முதலில் மூச்சு வாங்குகிற சத்தம். ஒலிப்பதிவாளர் பயந்துபோய், அக்கா யாரு தும்பி என்று கேட்கிறார். உன் அம்மா தொண்டையைச் செருமிக்கொள்கிறாள், அந்தச் செருமல் உனக்குத் தெரியும். எம் பொண்ணு என்கிறாள். ஐயோ என்னாச்சு என்கிறார். ஒண்ணும் ஆகலை, கிடைச்சுட்டா, எம் தம்பி தேடிக் கூட்டிட்டு வந்துட்டான் என்கிறாள். சிரிக்கிறாள். மணி என்ன, பள்ளிக்கூடம் விட்டிருக்குமே என்கிறாள். அவ்வளவுதான். நான் கதவுக்கு வெளியே, எனக்குக் கேட்காத இடத்தில், நம் வீட்டைத் தெரியாத ஒரு மனிதரிடம்கூட அவள் என்னை விட்டுக்கொடுக்கவில்லை. அந்தப் பதினோரு விநாடியை நான் ஒன்பது தடவை போடச் சொன்னேன். இது பெருக்கிச் சொன்னதில்லை.

அந்தப் பதிவைச் சின்ன பென்டிரைவில் வாங்கி, அத்தையின் கைக்குட்டையில் சுற்றி இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். படத்துக்குப் போவதும் போகாததும் உன் இஷ்டம். போவதானால் ஓரத்து இருக்கையாகப் பார்த்து உட்கார், ஆனால் போவதற்கு முன்னால் வீட்டில், பகல் வெளிச்சத்தில், கதவைச் சாத்திக்கொண்டு இதை முதலில் கேள். முழுசாகக் கேள், அலறலோடு நிறுத்திவிடாதே. ஸ்டூடியோவிலிருந்து வந்த மறுநாள் கருத்து நோட்டின் கடைசிப் பக்கத்தில் என் கருத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். என்ன பிடித்தது, என்ன பிடிக்கவில்லை என்ற கட்டங்களைக் காலியாக விட்டுவிட்டு, குறுக்கே பெரிதாக, தும்பி கிடைத்துவிட்டாள், கண்டுபிடித்தது பிளாட்பாரம் கூட்டும் ஒரு அம்மாள் என்று எழுதினேன். மேனேஜர் படித்துவிட்டு, இது எந்த நாட்டுத் தியரி என்று கேட்டார். அந்த நர்ஸ் மறுபடி வந்தால் காட்டவேண்டும் என்று பக்கத்தை மடக்கி வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் அத்தைக்குப் படித்துக் காட்டப்போகிறேன், அந்த நாற்பது நிமிஷத்தை அவளுக்கும் இதுவரை சொன்னதில்லை, இன்றைக்கு அரை மணி நேரம் திட்டு உண்டு.

நீ நீண்ட நாள் நோயில்லாமல், உட்கார்ந்து சாப்பிட்டு, உன் அம்மாவின் சிரிப்பு மாறாமல் நன்றாக இரு கண்ணு. என்மேல் கோபம் வந்தால் வரட்டும், வைத்திருந்து மெதுவாகத் தீர்த்துக்கொள், அவசரமில்லை. அந்த நாற்பது நிமிஷத்தில் உனக்கு ஏதாவது ஞாபகம் இருக்கிறதா, ரயில் ஜன்னலில் என்ன பார்த்தாய் என்று எழுது, அதைக் கேட்கத்தான் இருபத்திநாலு வருஷமாகப் பயந்துகொண்டிருந்தேன். கழுத்தில் துணி சுற்றாமல் குளிரில் வெளியே போகாதே.

இப்படிக்கு,
வேறு பட்டம் எதுவும் இல்லாத
உன் மாமா